தலைதட்டி அளந்தவள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தகவல் வந்தது. பால் கொண்டுவந்த முனிரத்தினம் வாசலில் நின்றபடியே சொன்னார்: "சிட்டம்மா பூட்ச்சு நைனா. தூக்கத்துலயே."

சிட்டம்மாள் என் அம்மாவின் அக்கா. எனக்குப் பெரியம்மா. பிள்ளை கிடையாது. நான் போனபோது வீட்டுக்குள் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். பக்கத்துத் தெரு சொக்கம்மாள் அழுதுகொண்டே மூலையிலிருந்த பானையின் மூடியைத் தூக்கி, முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வாய்க்கரிசிக்கு அரிசி கீதான்னு பாத்தேன் நைனா."

அவள் தேடியது அரிசியை அல்ல, கோதுமை ரவையை. பள்ளிக்கூடத்து ரவையைப் பெரியம்மா திருடினாள் என்பது ஊரின் தீர்ப்பு.

பெரியம்மா திருப்புலிவனத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே பெரியப்பா பாம்பு கடித்துச் செத்துப்போனார். நடவுக்கு வரும் ஆட்களுக்கெல்லாம் அவள்தான் சமைப்பாள். உப்பு பார்க்காமலே இறக்குவாள், சரியாக இருக்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் தலைமையாசிரியர் தாண்டவராயன் அவளைப் பள்ளிக்கூடத்து மதிய உணவுக்குச் சமையற்காரியாக வைத்தார். கப்பலில் வந்த கோதுமை ரவையும் எண்ணெயும் மூட்டையாகவும் டின்னாகவும் வரும். பருப்பு, காய், விறகுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும். பெரும்பாலும் உப்புமாதான்.

ரவையை அவள் கொட்டகைக்குள் அளக்கமாட்டாள். மூட்டையை வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துவந்து, பிள்ளைகள் பார்க்க, வயலுக்குப் போகிற பெண்கள் பார்க்க, படியில் கோபுரமாகக் குவித்து அளப்பாள். "உள்ள அளந்தா ஊரு பேசும்" என்பாள்.

எழுபத்தைந்து வாக்கில், சர்க்காரிடம் பணம் இல்லை என்று ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கால் பங்கு குறைவு. இனிமேல் குவிக்காதே, தலைதட்டி அள என்று தாண்டவராயன் சொல்லிவிட்டார். மறுநாள் அதே வேப்பமரத்தடியில் பெரியம்மா படியை நிரப்பி, மேலே நின்ற குவியலை உள்ளங்கையால் சாக்குக்குள் வழித்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் நெற்களத்தில் கூலி அளக்கும்போது குவித்து அளப்பதுதான் முறை. தலைதட்டி அளக்கிறவன் கூலிக்காரன் வயிற்றில் அடிக்கிறான் என்று அர்த்தம். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த சொக்கம்மாள் நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, புதுசா கைய வச்சி வழிக்கிற?"

"மேல இருந்து கொறச்சிட்டாங்கடி. நான் இன்னா பண்றது?"

"மேலன்னா? ஆகாசத்துலயா?"

"மெட்ராசுல."

"மெட்ராசுக்காரன் வந்து உன் படிய எட்டிப் பாக்கறானா? வழிச்சது சாக்குக்குள்ள பூடுது. அந்தச் சாக்கு எந்த வூட்டுக்குப் போவுதோ!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தச் சிரிப்பு செய்தியாகிவிட்டது.

காஞ்சிபுரம் கல்லூரியிலிருந்து நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். பெரியம்மா என்னையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள்.

"ஊரக் கூட்டி ஒரு வார்த்த சொல்லுங்க சார். திருடின்றாங்க."

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் சர்க்கார் சம்பளம் வாங்கறவன்மா. சர்க்காரு கொறச்சுதுன்னு என் வாயால சொன்னா, அது எங்க போய் முட்டுமோ. நாளானா சரியாப் பூடும்."

எனக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. உத்தரவு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? உத்திரமேரூர் யூனியன் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். "எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும்தான் தம்பி" என்றார் குமாஸ்தா. திரும்பி வந்து ஊரில் சொன்னேன். "பெரிம்மாவுக்குப் பரிஞ்சிக்கினு படிச்ச புள்ள வந்துட்டான்" என்றார்கள்.

அளவு குறைந்ததை ஈடுகட்டப் பெரியம்மா முருங்கைக்கீரையை உருவிப் போட ஆரம்பித்தாள். பாத்திரம் பழையபடி நிறைந்தது. அதுவும் வினையாயிற்று. தழையைப் போட்டு ரவையை அமுக்குகிறாள் என்றார்கள். முதலில் தன் மகளைச் சாப்பாட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தியது சொக்கம்மாள்தான். "திருடி ஆக்கினது என் புள்ளைக்கு வேணாம்." வீட்டில் மத்தியானச் சோறு இல்லாததால் அந்தப் பெண் ஆடு மேய்க்கப் போனாள். உப்புமா இறக்கும் நேரத்துக்கு ஆடுகள் எப்படியோ பள்ளிக்கூடத்து வேலியோரமாகவே மேயும். பெரியம்மா கூப்பிட்டால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடும்.

ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை நிறுத்தியது. மறு வருஷம் இன்னொரு உத்தரவு வந்தது: இங்கே சாப்பிடுகிறவர்கள் குறைவு, செலவு வீண், மூடிவிடலாம். கொட்டகையைப் பூட்டிய அன்று ஊர் அடித்துப் பேசியது: "பாத்தியா, கண்டுபுடிச்சி நிறுத்திட்டாங்க."

முதல் உத்தரவைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. ஏன் ஒட்டவில்லை? கால் பங்கைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், மீதி முக்கால் பங்கை ஊரே சண்டைபோட்டு நிறுத்திவிடும் என்று மெட்ராசில் யாருக்கோ தெரிந்திருக்குமோ? எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. சந்தேகம் மட்டும் போகவில்லை.

பிறகு ஐந்தாறு வருஷம் பெரியம்மா கூலிக்குப் போய்ப் பிழைத்தாள். கல்யாண வீடுகளில் அவளைச் சமையல்கட்டுப் பக்கம் விடமாட்டார்கள். இப்போது ஒரு மாதமாக, பள்ளிக்கூடத்தில் மறுபடி சாப்பாடு போடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. சாப்பாடு இன்னும் வரவில்லை. ஆனால் ஊர் வேறொன்றைக் கவனித்துவைத்திருந்தது.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வரும்போது சொக்கம்மாள் வழியில் நின்றாள். "பூட்டின கொட்டாய்க்கு ஒரு மாசமா போய் வந்துக்கினு இருந்தா நைனா. அங்க இன்னா வச்சிருந்தாளோ. தொறந்து பாத்துடு."

எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. தாண்டவராயன் சார் சாவியைக் கொடுத்தார். "அவளும் கேட்டு வாங்கிக்கினு போவா, கொண்டாந்து குடுத்துடுவா" என்றார்.

கதவைத் திறந்தேன். சொக்கம்மாள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். மூட்டை இல்லை, டின் இல்லை. தரை பெருக்கியிருந்தது. மூன்று அடுப்பில் இரண்டுக்குப் புதிதாக மண் பூசி வழவழவென்று தேய்த்திருந்தது. மூன்றாவதில் பழைய செங்கல் தெரிந்தது. அதன் பக்கத்தில் பாண்டுச் சட்டியில் குழைத்த மண் காய்ந்து வெடித்திருந்தது.