இரண்டாவது அடுப்பு

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். எழுபதுகளில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது என் தொழிலின் முதல் விதி இதுதான். யாரிடம் எவ்வளவு சொத்து, யாருக்கு என்ன வருமானம், இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்றெல்லாம் அளப்பதற்கு முன்னால், குடும்பம் என்றால் எது என்று முடிவு செய்தாக வேண்டும். ரத்த உறவு, கூரை, ரேஷன் கார்டு எதுவும் செல்லாது. அடுப்பை எண்ணு என்றார் என் பேராசிரியர். நானும் எண்ணினேன். அந்த வயதில் எனக்கு விதிகள் மேல் அப்படி ஒரு பக்தி.

வேலை கேரள எல்லையில் சித்தூர்ப் பக்கம் ஆரம்பித்தது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான் என்ற உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணைக் குடும்பங்கள் காகிதத்தில் பாகம் பிரித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு பெரிய பண்ணைக்காரர், என் விதியை எப்படியோ கேள்விப்பட்டு, என்னை நேரே சமையல்கட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"மூணு அடுப்புங்க. எனக்கொண்ணு, பெரியவனுக்கொண்ணு, சின்னவனுக்கொண்ணு. நல்லா எண்ணிக்குங்க."

முதல் அடுப்பில் பெரிய அண்டா நிறையச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது அடுப்பில் வெள்ளையடித்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது. மூன்றாவதில் பூனை குட்டி போட்டிருந்தது. நான் பூனையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்துட்டு சாப்பிடாமப் போனா நல்லாருக்குமுங்களா?" என்றார்.

சாப்பிட்டேன். இரண்டு மகன்களும் என் வரிசையிலேயே உட்கார்ந்து அதே அண்டாச் சோற்றைச் சாப்பிட்டார்கள். நான் மூன்று குடும்பங்கள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு பெரும் பணக்காரக் குடும்பம் என் படிவத்தில் மூன்று நடுத்தரக் குடும்பங்களாகிவிட்டது. அடுப்பு மூன்று இருந்தது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் இன்னொரு வீட்டுப் படியேற முடியாது என்பதுதான் நிஜக் காரணம்.

அடுத்து சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே மேனேஜர் அனுமதி இல்லாமல் தொழிலாளர் குடியிருப்புக்குள் கால் வைக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை குடும்பம், குடும்பத் தலைவர் யார் என்ற பட்டியலில் ஒரு பிரதி ஆபீசுக்கு வேண்டும். வெறும் பெயர்தானே, வருமானம் ஒன்றும் கேட்கவில்லையே என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

தொழிலாளர்கள் லயத்தில் இருந்தார்கள். ஒரே நீளக் கூரையின் கீழ் பெட்டி பெட்டியாக வீடுகள். அதில் கடைசி வீட்டில் எனக்கு இரண்டு அடுப்பு கிடைத்தது. உள்ளே தம்பியும் தம்பி மனைவியும் பிள்ளைகளும். வெளித் தாழ்வாரத்தில் சாக்கு கட்டி மறைத்த மூலையில், புருஷன் விட்டுவிட்டுப் போன அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் தற்காலிகக் கூலி, மற்ற மாதங்களில் விறகு பொறுக்கி விற்பது. அவர் அடுப்பில் அப்போதுதான் ரசம் கொதித்து அடங்கியிருந்தது. இங்கே பூனை இல்லை, சாம்பல் இருந்தது.

"உள்ளே சேர்ந்து சமைக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

"அவ கழுவுன சட்டிய நான் மறுபடி கழுவிட்டேனாம் சார். அதுக்கு நாலு வருசமாப் பேச்சில்ல. அது அவ வீடு. இது என் வீடு."

சாக்குக்கு அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று ணங்கென்று கீழே வைக்கப்பட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்மையான இரண்டாவது அடுப்பைக் கண்டுபிடித்த பெருமை வேறு.

"அப்போ நீங்க தனிக் குடும்பம்க்கா. குடும்பத் தலைவர்னு உங்க பேரைத்தான் எழுதணும்."

"எம் பேரா? தனியாவா?" எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். "எங்க, படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று, "இன்னொருக்க படிங்க சார்" என்றார். இன்னும் சத்தமாகப் படித்தேன். நாங்கள் சொல்வது யாருக்கும் போகாதே என்று கடைசியில் கேட்டார். போகாது என்று சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது, அதுதான் கஷ்டம்.

எஸ்டேட்டுக்கு ஒரு விதி உண்டு. செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் சம்பளப் பதிவேட்டில், நிரந்தரமாகப் பெயர் உள்ள தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும்தான் லயத்தில் இடம். அந்த அக்காவுக்குச் செக்ரோலில் பெயர் இல்லை. தம்பி குடும்பத்தில் ஒருத்தி என்ற ஒரே காரணத்தால்தான் அந்த மூலை அவருக்கு இருந்தது. அந்த விதி எனக்குத் தெரியும். அதைப் பற்றி இரண்டு பக்கம் குறிப்பே எழுதி வைத்திருந்தேன். என் விதியையும் அதையும் சேர்த்து யோசிக்கத்தான் எனக்குத் துப்பில்லை. பட்டியலை அழகான கையெழுத்தில் பிரதி எடுத்து ஆபீசில் கொடுத்துவிட்டு மலையிறங்கினேன்.

மழைக்காலம் முடிந்து இரண்டாம் சுற்றுக்குப் போனேன். கடைசி வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு இல்லை. அடுப்பு இருந்த இடம் சாணம் போட்டு மெழுகியிருந்தது. தம்பி மனைவிதான் வெளியே வந்தார்.

"ஆபீஸ்லருந்து ஆள் வந்தாரு சார். இந்த வீட்ல ரெண்டு குடும்பம் இருக்காம், ஒண்ணு காலி பண்ணணும்னாரு. இல்லய்யா, ஒரே குடும்பந்தான்னு நான் சொன்னேன். அவ அடுப்ப நானே இடிச்சேன். அவளக் கூட்டியாந்து எங்கூட உக்கார வச்சு, ஒரே சட்டியில சோறு போட்டேன். அவளும் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டா. மறுநா வந்து பாத்துட்டு, லிஸ்ட்ல ரெண்டுன்னு இருக்குன்னுட்டாரு."

"இப்ப எங்க இருக்காங்க?"

"போடிப் பக்கம் தெரிஞ்சவுக இருக்காகன்னு சொல்லிட்டுப் போனா. அங்க அவளுக்கு யாரு சார் இருக்கா?"

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. உட்காரச் சொல்லி, பாலில்லாத தேநீர் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நேரே மேனேஜரிடம் போனேன். அது ஆராய்ச்சிக்காக வைத்துக்கொண்ட கணக்கு, நிஜத்தில் அவர்கள் ஒரே குடும்பம்தான் என்றேன். அவர் என் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தார். உங்கள் கணக்கு தப்பு என்று எழுதிக் கொடுக்கிறீர்களா என்று மரியாதையாகவே கேட்டார். எழுதிக் கொடுத்தால் ஒரு பெண்ணுக்காக மொத்த ஆய்வும் தப்பு என்றாகும். தபாலாபீசுக்குப் போய்ப் பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். அளக்கப் போனவன் தலையிடக் கூடாது என்றார். மறுநாளும் மேனேஜரிடம் போய், எழுதாமல் வாயால் கெஞ்சினேன். அவர் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதும் இதுவும் ஒரு பொய்ப் பட்டியல்தான்.

அந்த வாரம் முழுக்க மற்ற வீடுகளுக்குப் போனேன். நான் நோட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே, "ஒரே அடுப்புதான் சார்" என்றார்கள். ஒரு வீட்டில் முன்னாலும் பின்னாலும் புகை வந்துகொண்டிருந்தது. அங்கேயும் ஒன்று என்றார்கள், ஒன்று என்று எழுதிக்கொண்டேன். திரும்பும்போது போடியில் இறங்கி, பஸ் நிலையத்தில் அரை நாள் நின்றேன். யாரிடம் என்ன கேட்பது? சந்தையில் விறகு விற்கிற பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.

இரண்டாம் சுற்றுக் கணக்கைப் போட்டபோது அந்த லயத்தில் குடும்பங்களின் சராசரி வருமானம் கூடியிருந்தது. அடிமட்டத்தில் இருந்த குடும்பம் இப்போது இல்லை, அதனால் மேலுக்கும் கீழுக்கும் இருந்த தூரமும் குறைந்திருந்தது. பேராசிரியர் பென்சிலால் அதற்குக் கீழே கோடு போட்டு, எப்படி என்று கேட்டார். சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார். அவரும் கெட்டவர் இல்லை. ஊரைவிட்டுப் போனவர்களை எழுத நம் படிவத்தில் இடமில்லையே என்றார் கடைசியில்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் இதே தொழிலில் இருந்தேன். அந்த அறிக்கையில் 'லேசான முன்னேற்றம் தெரிகிறது' என்று ஒரு வரி இருக்கிறது. அதை டைப் அடித்தவன் நான்தான். சித்தூர்ப் பண்ணைக்காரர் அதில் மூன்று குடும்பங்களாகப் பத்திரமாக இருக்கிறார். நான் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிய பெயருக்கு நேரே, இரண்டாம் சுற்றுக்கான கட்டத்தில், ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கிறது.