இடது பக்க இண்டிகேட்டர்

அந்த வண்டி இன்னமும் அஸ்பாக்கின் வெல்டிங் பட்டறையில்தான் நிற்கிறது. அதன் பேட்டரி தனியாக மேசைமேல் கிடக்கிறது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் வேங்கிக்கால் வந்து பார்க்கலாம். தொட மட்டும் விடமாட்டார். இன்னொன்று, இது இருட்டில் நடந்ததில்லை. கோழிகூட நிழல் தேடி ஒதுங்கும் உச்சி வெயிலில் நடந்தது.

கீழ்பென்னாத்தூர் வளவன் அந்தப் பழைய பிக்கப்பைப் பட்டறைக்குள் ஓட்டி வந்தபோதே, அது இடது பக்கம் சாய்ந்து முனகியது. வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற வண்டி. மறுநாள் விடியற்காலை கோயிலில் அவன் தங்கை எழிலரசிக்குக் கல்யாணம். சொந்தபந்தம் மொத்தமும் அந்த வண்டியின் பின்னால் ஏறித்தான் வந்தாக வேண்டும்.

“பாய், கேபினுக்குப் பின்னால அடியில சேசிஸ் சட்டம் விட்டுப்போச்சு. ஒரு ஒட்டு போட்டுக் குடுங்க.”

“பொண்ணு வூட்டு ஜனத்த இதுலயா ஏத்தப் போற?”

“பின்ன, உங்க வெல்டிங் மெஷின்லயா ஏத்தறது?”

சிரித்துக்கொண்டேதான் அஸ்பாக் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

பாரம் தாங்காமல் விடுகிற இரும்பில் விரிசல் கோணலும் மாணலுமாகத்தான் ஓடும். இது ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல நேராக இருந்தது. ஒன்றல்ல, இரண்டு கோடுகள். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வேறு இரும்பு. யாரோ சேசிஸில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு, வேறு துண்டைப் பற்றவைத்து, முழுச் சேசிஸின் பழைய பச்சைக்கும் மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

“தம்பி, இது தானா விட்டது இல்ல. அறுத்தது. யார்கிட்ட வாங்குன?”

“தசரதன்னு ஒருத்தர். கம்மி விலைக்குத் தள்ளிவுட்டாரு. ஏன் பாய்?”

“ஒண்ணுமில்ல...”

அப்போதே தோண்டித் துருவிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விடிந்தால் முகூர்த்தம். வளவன் பந்தல் வேலையைப் பார்க்க பஸ் ஏறிப் போய்விட்டான்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுவது அஸ்பாக்கின் வழக்கம். இல்லாவிட்டால் மெஷின் கரண்ட் வண்டியின் ஒயர்களைப் பொசுக்கிவிடும். இரண்டு ஒயரையும் பிடுங்கி, பேட்டரியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். ஜாக்கி கொடுத்துப் பின்சக்கரத்தைக் கழற்றினார். ஜாக்கிக்குத் துணையாக ஒரு கனத்த மரக்கட்டையும் வைத்தார். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பைச் சேசிஸில் கடிக்கவிட்டார்.

மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தார். கிரைண்டர் பட்டதும் அந்தப் பழைய ஒட்டுத் துண்டு பொத்தென்று விழுந்தது. தயாராக வெட்டி வைத்திருந்த புதுத் துண்டை அந்த இடைவெளியில் பொருத்தினார். ஹெல்மெட்டை இறக்கினார். வெல்டிங் ராடை உரசினார்.

சர்ர்ர்ர்...

கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் உலகமே இருட்டு. ராடு எரிகிற இடம் மட்டும் ஒரு சின்ன வட்டமாய்த் தெரியும்.

அந்த வட்டத்தின் ஓரத்தில் விரல்கள் தெரிந்தன.

நான்கு விரல்கள். சேசிஸை இறுகப் பற்றியிருந்தன.

“யோவ், கையை எடு! வெந்துடும்!”

ஹெல்மெட்டைத் தூக்கினார். யாரும் இல்லை. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை.

கண் கூசியிருக்கும் என்று மறுபடி ராடை வைத்தார். பற்றவைத்த துண்டு படக்கென்று பிய்ந்து அவர் மார்பில் விழுந்தது. பதறித் தட்டிவிட்டார். நெருப்பாய்ச் சுட்டிருக்க வேண்டிய இரும்பு...

ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.

டிக்... டிக்... டிக்...

எதிர்ச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. வண்டியின் இடது பக்க இண்டிகேட்டர்.

பேட்டரி மேசைமேல் இருந்தது.

கரண்ட் கசிகிறதோ என்று எர்த் கிளிப்பைத் தேடினார். சேசிஸில் அது இல்லை.

அவர் சட்டை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

ராடை வீசி எறிந்தார்.

உஸ்ஸ்ஸ்... ஜாக்கி இறங்கத் தொடங்கியது. கட்டையைப் பார்த்தார். அது சுவரோரம் கிடந்தது.

புரண்டார்.

கணுக்காலை ஏதோ பிடித்தது.

நான்கு விரல்கள்...

“யா அல்லாஹ்!”

உதறினார். உருண்டார். வெளியே வந்து விழுந்தார்.

தடால்!

அவர் மார்பு இருந்த இடத்தில் வண்டி உட்கார்ந்திருந்தது.

டிக்... டிக்... டிக்...

பட்டறையைப் பூட்டிவிட்டு, வளவனுக்குப் போன் போட்டார்.

“தம்பி, வண்டி வராது. வேற வண்டி பாத்துக்க.”

“கல்யாண நேரத்துல கழுத்தறுக்கிறியே பாய்! ஒட்டு போடத் தெரியலன்னா மொதல்லயே சொல்றதுதானே?”

“திட்டு, நல்லாத் திட்டு. அதுல மட்டும் ஜனத்த ஏத்தாத. தசரதன் நம்பரைக் குடு.”

தசரதன் முதலில் மழுப்பினார். அஸ்பாக் விடவில்லை. கடைசியில் மறுமுனையில் குரல் இறங்கியது.

“ஒரு பௌர்ணமி அன்னிக்குங்க. கிரிவலம் முடிச்சு நடந்து போன பொம்பள ஒண்ணு வண்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு. சேசிஸைக் கெட்டியாப் புடிச்சிக்கிச்சு. உசுரு இருந்துச்சு. என் டிரைவர் சத்தம் கேட்டு, ஓரங்கட்டலாம்னு லெஃப்ட் இண்டிகேட்டரைப் போட்டான்...”

“அப்புறம்?”

“பயந்துட்டான். நிறுத்தல. அப்படியே ஓட்டிட்டான்.”

அஸ்பாக் பட்டறைப் பூட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்த டிக் டிக் சத்தம்... இதோ நிற்கப் போகிறது, இதோ நிற்கப் போகிறது என்று அவள் கேட்டுக்கொண்டே போயிருப்பாள்.

“விரலைப் பிரிக்கவே முடியலைங்க. சேசிஸை அறுத்துத்தான் எடுத்தாங்க. அந்தத் துண்டோடவே பொதைச்சிட்டாங்க.”

மறுநாள் சொந்தக்காரர்கள் வாடகை வேனில் வந்து இறங்கினார்கள். தாலி கட்டி முடிந்ததும், தலையில் ஒட்டிய அட்சதையோடு வளவன் சண்டைக்கு நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டான். அஸ்பாக் எல்லாவற்றையும் சொன்னார். அவன் நம்பவில்லை. பூட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச்சை வாங்கி, சக்கரம் இருந்த பக்கமாய்த் தரையில் படுத்து அடியில் பார்த்தான்.

“இன்னா பாய் கத வுடுற? சேசிஸ் நல்லாத்தானே இருக்குது!”

அஸ்பாக்கும் குனிந்தார்.

இடைவெளி இல்லை. வெல்டிங் தடம் இல்லை. வெட்டிய கோடுகூட இல்லை. முழுச் சேசிஸும் ஒரே இரும்பாய் இருந்தது. அந்த உள்ளங்கை அகலத்தில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் இல்லை. வண்டியின் பழைய பச்சை நிறம். அதன்மேல் ஈரமான செம்மண். மண்ணில் நான்கு விரல் தடங்கள்.

அஸ்பாக் வைத்த புதுத் துண்டு தரையில் அப்படியே கிடந்தது.

வளவன் டார்ச்சை அணைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“பாய்... அவளோட பொதைச்ச அந்தத் துண்டு இங்க இருக்குதுன்னா... அவ கையில இப்ப இன்னா இருக்குது?”

டிக்... டிக்...

இண்டிகேட்டர் தானாக நின்றது.