இன்னொரு வருஷம் ரெண்டாங்கிளாஸ்

என் மகள் படிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். சாயங்காலம் ஆனால் நான் அடுப்படியில், அவள் முன்னறையில். சத்தம் வந்துகொண்டிருந்தால் படிக்கிறாள், நின்றுபோனால் விளையாடுகிறாள். நின்ற மறுநிமிஷம் நான் இங்கிருந்தே ஒரு குரல் கொடுப்பேன். எங்கள் ஊர் வடகரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற முறை இதுதான். கை தாளிக்கும், காது கண்காணிக்கும். அதனால் ஜனவரியில், தென்காசியில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது.

அவர்கள் சொன்னது இதுதான். இரண்டாம் வகுப்பை முடிக்கிற பிள்ளை, முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் வாசித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு. ஃபெயில் என்று போட மாட்டார்களாம், சட்டம் விடாதாம். அதனால் நாங்களே ஆசைப்பட்டு, பிள்ளை இன்னும் ஒரு வருஷம் இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பிடிக்காவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். அடிப்பது அவர்கள், பிரம்பு வாங்கித் தருவது நாங்கள். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். ஏப்ரலில் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிப் பார்ப்போம், அதுவரை வீட்டிலும் கொஞ்சம் கவனியுங்கள் என்றார். நான் கவனிக்கவில்லையாம். ஊரே கேட்கிற மாதிரி படிக்கிறவளை!

அதைவிடப் பெரிய கவலை தம்பிக்காரன் விஷயம். இவளுக்கு நேர் இளையவன் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இவள் நின்றுவிட்டால் ஜூன் மாதம் அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு. இப்போதே அவன் அக்கா என்று கூப்பிடுவது பெருநாளைக்குப் பெருநாள்தான். பிறகு ஒரே புத்தகம், ஒரே பரீட்சை, ஒரே ரேங்க் கார்டு. கல்யாண வீடுகளில் ரெண்டும் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்பவர்களுக்கு நான் ஆயுசு முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

அவர்கள் வாப்பா சவுதியில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் ஒரே குதியாகக் குதித்தார். என் பிள்ளைக்கா வாசிக்க வராது, வெள்ளிக்கிழமை நானே பார்க்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, வயிறாரச் சாப்பிட்டு, மகள் படிப்பதை வீடியோவில் கேட்பதுதான் அவருக்கு அந்த வாரத்தின் சந்தோஷம்.

அந்த வெள்ளிக்கிழமையும் அவள் புத்தகத்தை மடியில் வைத்து, வரிமேல் விரலை வைத்து, யானையும் எறும்பும் பாடத்தை மடமடவென்று படித்தாள். பாதியில் படம் உறைந்துபோனது. திரும்பி வந்ததும், விட்ட இடத்திலிருந்து படிக்கச் சொன்னார். அவள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் உறைந்தது. மறுபடியும் முதல் வரி. அவர் சிரித்துவிட்டார்.

"தலைப்பெல்லாம் வேண்டாம்ட்டி. யானை தண்ணி குடிக்க வந்துச்சுல்லா, அங்கன இருந்து படி."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தலைப்பிலிருந்து ஆரம்பித்தாள். அவளுடைய விரல் பக்கத்தின் அடியில் கிடந்தது. நான் புத்தகத்தை வாங்கி, வேறொரு பாடத்தைப் புரட்டி, நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். அவள் எழுத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவர் அங்கே ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

புத்தகம் முழுவதும் மனப்பாடம். தமிழ், இங்கிலீஷ் இரண்டும். வகுப்பில் மிஸ் இரண்டு தரம் வாசித்தால் இவளுக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் தெரிகிறது, சேர்த்துப் படிக்கத்தான் வரவில்லை. ஏன் ஒரு நாளாவது என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நிறுத்துனா நீ ஏசுவல்லா," என்றாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு எனக்குக் கவலையைவிட நிம்மதிதான் அதிகம். என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது. பிள்ளை மந்தமும் இல்லை, சோம்பேறியும் இல்லை. இந்த மூளையை வைத்துக்கொண்டு வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியாதா என்று ஒரு தைரியம் வந்தது. சத்தமாகப் படி என்று சொல்வதை நிறுத்தினேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஆனால் எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? அவளுக்கு மனப்பாடம் ஆகாத புத்தகமே வீட்டில் இல்லை. கடைசியில் மளிகைக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர் கைகொடுத்தது. தினமும் புதுத் தாள். நாளைய தாளை இன்றே ஒப்பிக்க முடியாது. எங்களுக்கும் ராசிபலனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தாலும் அதில் ராசிக்கு ஒரு வார்த்தை வீதம் போட்டிருப்பான், வாசிக்கப் பழகுகிறவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆரம்பத்தில் 'அலைச்சல்' என்ற ஒரு வார்த்தைக்கு நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமில்லை. பிறகு ஆதாயம் வந்தது, பொறுமை வந்தது. இங்கிலீஷுக்கு பிஸ்கட் கவரும் சோப்பு டப்பாவும். மார்ச் கடைசியில் வாசிக்க ஆரம்பித்தாள். குற்றாலம் ஐந்தருவியில் பாசி பிடித்த பாறைமேல் காலை வைக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, பயந்து பயந்து.

ஏப்ரலில் அந்த வேகம் போதவில்லை. மற்ற பிள்ளைகள் பக்கத்தை முடித்த நேரத்தில் இவள் கால் பக்கம் தாண்டியிருந்தாள். இங்கிலீஷில் இரண்டு வரி. தலைமையாசிரியை என்னை உள்ளே கூப்பிட்டு, முன்னேற்றம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் மூன்றாம் வகுப்பில் பிள்ளை திணறிப்போகும், அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தார். நான் பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்றவள் மெதுவாக, "அதே புக்குதானா மிஸ்?" என்று கேட்டாள். அதே புத்தகம்தான், உனக்கு ஈஸியாக இருக்கும் என்றார் அவர். இவள் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில்தான் எனக்கு உறைத்தது.

பேனாவை மூடினேன். ஏதாவது ஒரு பாடத்தின் பெயரை மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். என் மகள் பிரேயரில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் ஒப்பித்தாள். படத்துக்குக் கீழே போட்டிருந்ததைக்கூட விடவில்லை. இன்னொரு பாடம். அதையும் ஒப்பித்தாள். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தில் விரலை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

"இதே புக்க திரும்பக் குடுத்தா இன்னும் ஒரு வருஷம் ஒப்பிச்சிக்கிட்டே இருப்பா மேடம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புதுப் புக்கு குடுங்க. அதுலதான் அவளால நம்மள ஏமாத்த முடியாது."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்து, அவள் கையில் கொடுத்தார். அவள் வாசித்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை; வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அங்கங்கே தப்பு வந்தது. ஓரிடத்தில் அவளே நின்று, பின்னால் போய், தப்பாகச் சொன்னதைத் திருத்திச் சொன்னாள். அப்போதுதான் தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். ஒப்பிக்கிற பிள்ளை அப்படித் திரும்பிப் போகாது என்று தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

ஜூனில் மூன்றாம் வகுப்பு. தினமும் காலையில் பிரேயருக்கு முன்னால் வந்து, பார்க்காத ஒரு பக்கத்தை மிஸ்ஸிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அரைப் பரீட்சைக்குப் பிறகு மறுபடியும் பார்ப்பார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு வெள்ளைத்தாளை மேசை டிராயருக்குள் போட்டார். நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். அழுதேனா என்றால், ஆமாம், நன்றாகவே அழுதேன். மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவள் என் முந்தானையை இழுத்தாள்.

"அப்ப வாப்பா ஊருக்கு வருவாங்கல்லா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் வராமல், ரம்ஜானுக்கு வரமுடியாததற்கும் சேர்த்து மே மாதம் லீவு போட்டிருக்கிறார்களே என்றேன். அவள் விடவில்லை. அக்காவும் தம்பியும் ஒரே கிளாஸில் உட்கார்ந்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு வருவது என்று வாப்பா போனில் சொன்னார்களே என்றாள். சொல்லியிருப்பார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்திருப்பேன், பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எங்கள் இருவருக்கும் அது அன்றோடு போன பேச்சு. அவள் அதைத் தூக்கிக்கொண்டு இத்தனை மாதம் காலண்டர் தாளைக் கிழித்திருக்கிறாள்.

வேலை நேரம் என்று பார்க்காமல் அப்போதே அவரைக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை. யாருக்கு என்ன என்று பதறிக்கொண்டு எடுத்தார். நான் போனை அவளிடம் கொடுத்தேன்.

"வாப்பா, நான் மூணாங்கிளாஸ்," என்றாள். "நீங்க இனிமே வரலாம்."

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினார். பஸ் வந்து, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அவள் போனைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.