தெருவைப் பார்த்து நிற்கும் வண்டி

கற்பகவல்லி பைக்கை ஒருநாளும் சுவரைப் பார்த்து நிறுத்த மாட்டாள். முன்சக்கரம் எப்போதும் தெருவைப் பார்த்திருக்கும். சாவி அதிலேயே தொங்கும். களவு போய்விடும் என்று பக்கத்து வீட்டு சுப்புத்தாய் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

கணவன் செல்லப்பாண்டிக்கு அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகும். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் அவள் கூப்பிட்டுக் கேட்க முடியாது. போய்த்தான் பார்க்க வேண்டும். அதற்காகவே கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பைக் ஓட்டப் பழகினாள்.

வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவள், பகலில் நாலைந்து தடவை எழுந்து போய் வண்டியின் செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார்ப்பாள். வண்டி உறுமியதும் அணைத்துவிட்டு வருவாள். அப்புறம்தான் கை வேலையில் ஓடும்.

போன மழைக்காலம் முடிந்ததும் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது.

"ஏளா, ஓட்டாம சும்மா அமுக்கிக்கிட்டே இருந்தா பேட்டரி சாகாம என்ன செய்யும்? அடைக்கோழியா அது, அடிக்கடி போயி எட்டிப் பாக்க?" என்றான் செல்லப்பாண்டி.

சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து அவள் வண்டியைத் தொடவில்லை. தொடாமல் மனசு நிலைகொள்ளவும் இல்லை. பசையைத் தடவியபடியே வாசலைப் பார்ப்பாள். குழாய் கோணலாகச் சுருளும்.

ஒரு மத்தியானம் தெற்கே ஆலைப் பக்கம் சத்தம் கேட்டது. அடுப்படியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. ஓடிவந்து அமுக்கினாள். 'டிக்' என்றது. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, இஞ்சின் மட்டும் சுற்றவில்லை. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினாள். கல்குவாரியில் வைத்த வெடி என்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் சொன்ன பிறகும், சாயங்காலம் வேன் வரும்வரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் வண்டியை உருட்டிக்கொண்டு மெக்கானிக் ராஜபாண்டியன் பட்டறைக்குப் போனாள்.

"நான்தான் தம்பி, அமுக்கி அமுக்கி பேட்டரியக் கெடுத்துட்டேன்."

"அத மீட்டரு சொல்லட்டும்க்கா. அதுக்குள்ள நீங்களே தீர்ப்புச் சொல்லிட்டீக."

மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பேட்டரி முனைகளில் வைத்து, செல்ஃபை அமுக்கச் சொன்னான். அமுக்கும்போதும் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பிறகு ஒரு கம்பியை பேட்டரியின் மைனஸிலும் மற்றதை இஞ்சின் மேலும் வைத்தான்.

"இப்ப அமுக்குங்க. இங்கன ஜீரோவ ஒட்டி நிக்கணும்."

மூன்றைத் தாண்டியது.

"பேட்டரி குடுக்கத்தான் செய்யுது. இஞ்சினுக்குப் போற வழியிலயே இந்த எர்த் ஒயரு தின்னுருது" என்று போல்ட்டைக் கழற்றினான். அடியில் பச்சைக் களிம்பும் துருவும் அப்பியிருந்தன. "மழைத்தண்ணி எறங்கியிருக்கு. ஒங்க மேல தப்பில்ல."

சுரண்டி, புது ஒயர் மாட்டி, மறுபடி மீட்டரை வைத்தான். எண் ஜீரோவை ஒட்டி நின்றது. இஞ்சின் தொட்டவுடன் பிடித்துக்கொண்டது.

"இன்னொருக்க அமுக்கிப் பாக்கட்டா?"

"தாராளமா அமுக்குங்க. ஆனா உடனே அணைச்சிராதீக. கொஞ்ச நேரம் ஓட விடுங்க, பேட்டரியும் சார்ஜ் ஏறட்டும்."

செல்லப்பாண்டிக்கு இன்றைக்கும் மருந்து கலக்கும் வேலைதான். வண்டி தெருவைப் பார்த்து நிற்கிறது. அமுக்கினால் கிளம்புகிறது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்கிறாள்.