குணா சொன்ன கதை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் செல்போனில் வைத்திருக்கும் குழுவுக்குச் செய்தி வந்தது. 'குணசுந்தரி காலமானார். இறுதி ஊர்வலம் இன்று மாலை.' வந்தது குணசுந்தரியின், எங்கள் குணாவின், எண்ணிலிருந்தே. சற்று நேரத்தில் அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. கையைத் துடைத்துக்கொண்டு நானும் ஒன்று போட்டேன்.

குணாவை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் போகும் அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு அவளுடையது, பக்கத்து இடம் என்னுடையது. இருவரும் பேக்கிங் பிரிவு. முந்தின நாள் சீரியலை அவள் சொல்லச் சொல்ல பஸ்ஸே கேட்கும். அவள் சொல்வதே போதும் என்று நான் டிவி பார்ப்பதை விட்டுவிட்டேன். சீரியலில் யாராவது செத்தால் மறுநாள் குழுவில் அறிவிப்பு வந்துவிடும். 'பெரிய வீட்டு மாமியார் காலமானார். ஊர்வலம் விளம்பர இடைவேளைக்குப் பிறகு.' அந்த ஞாயிறு மதியம் எங்களை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வராமலிருக்கத் தன்னையே சாகடித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தோம்.

பிறகு பஸ் டிரைவர் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். "சிரிக்காதீங்கம்மா, நெஜந்தான்" என்றார். முந்தின நாள் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். செய்தி அனுப்பியது அவள் மகள் நித்யா.

குணாவுக்குப் பிடித்த படம் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தப் படத்தையும் அவள் நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதில்லை. "ஹீரோயின் தூங்கும்போதும் பட்டுப்பொடவதான் கட்டிகினு கீறா. அது தூக்கமா, கல்யாணமா?" என்பாள். எங்கள் பக்கத்தைக் காட்டும் படங்களைப் பற்றி ஒருமுறை சொன்னாள்: "நம்ம ஏரியான்னா கேமராவ நேரா சேத்துல எறக்கிட்றாங்க. மேட்டுலயும்தான் நாம கீறோம்."

ஒருநாள் திருவொற்றியூரில் படப்பிடிப்புக்காக எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். உதவி இயக்குநர் ஒரு பையன் ஏறி, ஜன்னலோரம் இருப்பவர்கள் கொஞ்சம் கோபமாக வெளியே பார்க்க முடியுமா என்று கேட்டான். குணா அவனை மரியாதையாகவே பார்த்தாள். "இப்ப வராது நைனா. லேட்டா போனதுக்கு சூப்பர்வைசர் கத்துவாரு. அப்ப வரும், அங்க வந்து எடுத்துக்கோ." அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனான். ஆனால் அந்தப் படம் வந்ததும் முதல் ஆளாக என்னை தியேட்டருக்கு இழுத்துப் போனவளும் அவள்தான். பஸ் திரையில் வந்து மறைந்தது. அவள் முகம் தெரிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. குணா விசிலடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பஸ்ஸு நல்லா நடிச்சிகீது" என்றாள். கிண்டலா, சந்தோஷமா, தெரியவில்லை.

காரியம் முடிந்தபின் அவள் வீட்டுக்குப் போனேன். ஹவுசிங் போர்டு வீடு, ஒரே அறை. நித்யா வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "எங்கம்மா செத்ததுக்கு ஏன் ஆன்ட்டி எல்லாரும் சிரிச்சீங்க?"

அம்மா வழக்கமாக அனுப்பும் மரண அறிவிப்புகளை அவளுக்குக் காட்டினேன். மாமியார் செத்த செய்தியில் அவள் விரல் நின்றது.

"இவங்க சாகலியே ஆன்ட்டி. அது கனவு. நான் ஹாஸ்டல்ல தெனம் பாக்கறேன். இன்னும் வந்துகினுதான் கீறாங்க."

பஸ்ஸில் குணா சொன்ன மற்றதையும் நான் சொன்னேன். பிரிந்துபோன தம்பதி, கிடைத்த குழந்தை, ஜெயிலுக்குப் போன அண்ணன். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். அப்படியொன்றும் நடக்கவேயில்லையாம். கடைசியில் அவளுக்கே விளங்கியது. ஒரே அறை என்பதால், அப்பா ஹார்பரில் நைட் ஷிஃப்டுக்குப் போகுமுன் டிவிக்குப் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குவார். அதனால் அம்மா சத்தம் வைக்கவே மாட்டாராம். வாயசைவைப் பார்த்தே கதையைப் புரிந்துகொள்வாராம்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த குணாவின் கணவர் ஏழுமலை தலையை நிமிர்த்தினார்.

"நான் எங்க தூங்கனேன்?" என்றார். "அது எல்லாருக்கும் மெதுவா கொரலு குடுத்துகினு இருக்கும். மாமியாருக்கு ஒண்ணு, மருமவளுக்கு ஒண்ணு. கண்ண மூடிகினு கேட்டுகினு கெடப்பேன். முழிச்சிகினு கீறேன்னு தெரிஞ்சா டிவிக்கு சவுண்டு வெச்சிடுமே."

நித்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நான் அவள் முதுகில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குக் குழப்பம்தான். தான் சொல்வது வேறு கதை என்று குணாவுக்குத் தெரியுமா? பஸ்ஸில் அந்த சீரியலைப் பார்க்கிறவர்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் ஏன் சொல்லவில்லை? எங்களுக்குப் பின்னால் உட்காரும் சாந்தியிடம் கேட்டேன். தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றாள். அப்புறம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், "இன்னாத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். 

இப்போது அந்த சீரியலை நான் சத்தம் வைத்தே பார்க்கிறேன். அதில் இளைய மருமகளாக ஒரு பெண் வருகிறாள். குணாவின் கதையில் அவள் வாயில்லாப் பூச்சி, எல்லோருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றுகிறவள். டிவியிலோ அவள்தான் வில்லி. போன வாரம் பாலில் எதையோ கலந்தாள். என் வீட்டில் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வரவில்லை. என்ன கஷ்டமோ பாவம், என்றுதான் மனம் போகிறது. குணாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, அந்தப் பெண்மேல் அவள் வைத்திருந்த நல்லெண்ணம். டிவி என்ன சொன்னாலும் அதை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.