ஆறு கம்ப்யூட்டரிலும் குமரேசன் போட்ட இலவசம்

பிரவுசிங் சென்டர் தொழிலில் கரண்ட் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் மாட்ட வருகிறவன் சரியில்லை என்றால் தாங்க முடியாது. என் தலையில் கல்லைப் போட்டவன் பெயர் குமரேசன். செங்கல்பட்டிலிருந்து வந்து, புதுப்பட்டினம் கடைத்தெருவில் என் ஆறு கம்ப்யூட்டரையும் மாட்டிக் கொடுத்தவன். நான் எட்டாவது ஃபெயில். அதற்கு முன் டெலிபோன் பூத் வைத்திருந்தேன். பூத்தில் யார் யாரிடம் அழுதாலும், சண்டை போட்டாலும் என் காதோடு சரி. 'அவர்கிட்ட போன விஷயம் வெளியே வராது' என்பதுதான் நான் சம்பாதித்த ஒரே பேர். அதை நம்பித்தான் ஜனங்கள் பிரவுசிங் சென்டருக்கும் வந்தார்கள். என்னைப் போலக் கடை வைத்து நொந்தவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்.

வூட்டுப் பத்திரம்

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, கிளம்புகிற நேரத்தில் குமரேசன் ஒரு சாப்ட்வேரைப் போட்டான். பாட்டு, படமெல்லாம் சீக்கிரம் இறங்குமாம். திரையின் மேல்பக்கம் ஒரு பட்டை வந்து உட்கார்ந்தது. அதில் விளம்பரம் ஓடியது. "இன்னாப்பா இது, பஸ் ஸ்டாண்டு சுவரு மாதிரி?" என்றேன். "ஓசி அண்ணாத்த. வெளம்பரம் போட்டுக் கம்பெனிக்காரன் சம்பாரிச்சிக்குவான். உனக்கு இன்னா நஷ்டம்?" என்றான்.

சாப்ட்வேர் ஏறுவதற்கு முன் பொடி எழுத்தில் இங்கிலீஷ் பக்கம் பக்கமாக வந்தது. கீழே, சம்மதம் என்று ஒரு பட்டன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பட்டனை அழுத்திவிட்டான். ஆறு கம்ப்யூட்டரில் ஆறு முறை. ஒரு முறையாவது படித்துச் சொல்லேன்டா என்றதற்குச் சிரித்தான்.

"அத்தையெல்லாம் யாரு நைனா படிப்பா? உன் வூட்டுப் பத்திரமா இன்னா?"

மூன்றாம் நம்பர் கேபின்

கடைத்தெருவில் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்த பையன், கல்யாணம் நிச்சயமானவன், மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்தான். மூன்றாம் நம்பர் கேபினில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். முடி கொட்டுவதற்கு மருந்து தேடியிருக்கிறான். அது எனக்கே அப்போது தெரியாது.

சாயங்காலம் அவனுக்கு மாமனாராகப் போகிறவர் வந்தார். திருக்கழுக்குன்றத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகனுக்கு இ-மெயில் அனுப்ப அதே கேபினில் உட்கார்ந்தார். மெயிலைத் திறப்பதற்குள் ஜன்னல் ஜன்னலாக வழுக்கைத் தலைகள். ஒன்றை மூடினால் இரண்டு. யார் எதைத் தேடினார்கள் என்று அந்த ஓசி சனியன் ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்து உட்காருகிறவரிடம் வியாபாரம் பேசுகிறது! எழுந்து வந்தவர், நேரம் குறிக்க நோட்டைப் புரட்டினார். வருகிறவர்கள் பெயரையும் கேபின் நம்பரையும் எழுத வேண்டும் என்பது என் கடைச் சட்டம். அவர் பெயருக்கு மேல் மூன்றாம் நம்பரில் மாப்பிள்ளை பெயர். நான் உள்ளங்கையால் மூடினேன். மூடியதே பெரிய தப்பு.

கல்யாணம் நடந்தது. ஆனால் முகூர்த்தத்துக்கு முன்பே பெண் வீட்டார் அவன் தலையைக் குனியச் சொல்லி உச்சந்தலையைப் பார்த்தார்களாம். அதைச் சொல்ல நேராக என்னிடம் வந்தான்.

"பூத்துல ஒங்க காதுல வுழுந்ததே வெளிய வந்ததில்ல. இப்ப இன்னாண்ணே, ஊரைக் கூட்டி சொல்லிகினு கீறீங்க?"

அட்டை வைத்தியம்

அன்றிலிருந்து பேச்சு கிளம்பிவிட்டது. நான் நோட்டில் எழுதி வைத்து வெளியே சொல்கிறேனாம். அந்தப் பட்டையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. குமரேசன் போனை எடுக்கவில்லை. எனவே சாக்லேட் டப்பா அட்டையை நீளமாக வெட்டி, ஆறு மானிட்டரிலும் பட்டை தெரிகிற இடத்தை மறைத்து ஒட்டினேன். விளம்பரம் அட்டைக்குக் கீழே வந்து குதித்தது. துபாயில் இருக்கும் மகனோடு பேச வாரம் ஒருமுறை வருகிற மீன்காரம்மா, கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த, பொட்டிக்குக் கோமணம் கட்டி வுட்டுக்கீற?"

கையெழுத்து போட்டது நான்தான்

பக்கத்து டவுன்ஷிப்பில் ஆபீஸ் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பேங்க் கணக்குப் பார்க்க வந்தாள். அட்டையைத் தூக்கிப் பார்த்ததும் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். இங்கே யார் எந்த வெப்சைட் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இதை எடுக்கிறவரை இங்கே பாஸ்வேர்டு அடிக்க மாட்டேன் என்றாள். வாடிக்கையாளர் விஷயத்தை என் பொண்டாட்டியிடம்கூட நான் சொன்னதில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னைக் கேக்காம கம்பெனிக்காரன் எப்படிம்மா இதெல்லாம் எடுத்துட்டுப் போவான்?" என்றேன். அவள் அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"கேட்டிருக்கான் சார். நீங்க சரின்னு சொல்லியிருக்கீங்க, ஆறு தடவை."

குமரேசன் வந்தான்

செங்கல்பட்டுக்கே போய் அவனைக் கையோடு கூட்டி வந்தேன். நீக்கினான், அணைத்துப் போட்டால் பட்டை மறுபடி வந்து உட்கார்ந்தது. கடைசியில் ஆறையும் மொத்தமாக அழித்து, புதிதாக ஏற்றினான். அதற்குள் பாதி கேபின் காலி. எதிரே டீக்கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். "அவங்ககிட்ட போயி, போட்டது நீதான்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். அவன் பையை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்தான்.

"அத்த வுடு அண்ணாத்த. வெளம்பரமே வராம தடுக்கிற சாப்ட்வேரு ஒண்ணு கீது, போட்டுட்டுப் போறேன். அதுவும் ஓசிதான்."

கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்குப் போட்டு, கேபின் பலகையைப் பிரித்துக் கோழிக்கூடு அடித்தாகிவிட்டது, ஆனால் 'போட்டது நான்தான், அண்ணாத்த வாயே தொறக்கல' என்று குமரேசன் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்றுவரை எனக்குப் பாக்கி.