புத்தன்வீட்டுக் கோப்பு

கட்டளையை அடித்து முடித்ததும் சத்தியபாய் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வாள். கண்ணாடியைச் சரிசெய்து, திரையில் மின்னும் ஒற்றை வரியை விரல் வைத்து வாசிப்பாள். எந்தக் கோப்பு, எங்கே போகிறது. மறுபடியும் வாசிப்பாள். அதன் பிறகுதான் சுண்டுவிரல் என்டர் கட்டைக்குப் போகும். கரண்டு போய்விடுமோ என்று பக்கத்தில் நிற்பவர்கள் தவிப்பார்கள். அவளுக்கு அவசரம் கிடையாது.

பாறசாலையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது ஷாஜியின் கம்ப்யூட்டர் கடை. ஏழு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணக் கார்டு, மனு, சபையின் ஆராதனை முறை எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே வரும். மதியத்துக்கு மேல் இடுப்பு கடுக்கும். ஒரு பழைய தோர்த்துத் துண்டைச் சுருட்டி முதுகுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுப்பாள்.

கம்ப்யூட்டரில் இடம் குறைவு. மாதம் ஒருமுறை நிறைந்துவிடும்.

"அக்கா, பழசெல்லாம் தூரக் களையுங்கோ. கெட்டு முடிஞ்சவனுக்கு இனி கார்டு எதுக்காக்கும்? ரெண்டாம் கெட்டுக்கா?" என்பான் ஷாஜி.

"களையதுக்கு ஒரு நொடி போதும் மக்கா. திரும்ப வேணும்னு ஒருத்தன் வந்து நிப்பான். அப்போ நீயா பதில் சொல்லுவே?"

'டெல்' என்று அடித்தால் கோப்பு அழிந்துவிடும். அவள் 'மூவ்' என்று அடித்து, குப்பை என்று பெயரிட்ட தனி இடத்துக்கு அதை நகர்த்துவாள். ஒரு மாதம் யாரும் தேடி வரவில்லையென்றால்தான் அங்கிருந்தும் போகும்.

அந்தக் குப்பையும் ஒருமுறை அவளைக் கைவிட்டது.

நான்கு வருடம் முன்பு குன்னத்துகால் ஈசாக் மூன்று மதியங்கள் வந்து, இருமிக்கொண்டே தன் வாழ்க்கைச் சாட்சியைச் சொன்னார். சபையில் வாசிப்பதற்காக. நான்கு பக்கம் வந்தது. "திருத்தித் தாறேன்" என்று ஒரு பிரதியைக் கொண்டுபோனவர் அந்த வாரமே இறந்துபோனார். அந்தப் பிரதியைப் பைபிளோடு சவப்பெட்டியில் வைத்து அடக்கிவிட்டார்கள். சத்தியபாய் கோப்பைக் குப்பைக்கு நகர்த்தினாள்.

இருபதாம் நாள் அவர் மனைவி ரோசம்மாள் படியேறி வந்தாள். "அவரு சொன்னது ஒண்ணு எடுத்துத் தா மக்கா. பெட்டியில வைக்கும்ப எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு."

"உண்டு மாமி. இரியுங்கோ, இப்போ தாறேன்."

கோப்பைத் திறந்தால் பெருங்கடவிளை சதாசிவன் மகளின் கல்யாணக் கார்டு.

இந்தப் பக்கத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் கேட்டால் வழி தெரியாது. வீட்டுப் பெயர் சொல்ல வேண்டும். சத்தியபாயும் கோப்புகளுக்கு வீட்டுப் பெயரைத்தான் வைப்பாள். ஈசாக்கும் புத்தன்வீடு, சதாசிவனும் புத்தன்வீடு. கல்யாணம் முடிந்து இரண்டாவது கோப்பும் குப்பைக்குப் போனபோது, ஒரு வார்த்தை கேட்காமல் கம்ப்யூட்டர் அதை முதலாவதின் மேல் எழுதிவிட்டது. சாட்சி போய்விட்டது.

சத்தியபாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். ரோசம்மாள்தான் தேற்றினாள். "கரையாத. உனக்கு நினைவுள்ளத அடி."

அன்றைக்கு ஆறு வரிதான் வந்தது. பதினோரு வயதில் கிணறு வெட்டப் போனது, ஆற்றுக்கு அக்கரையில் கண்ட பாம்பு, முதல் சம்பளத்தில் அம்மைக்கு உடுக்க வாங்கிய முண்டு. ரோசம்மாள் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "பாம்பு வாற எடத்துல அவரு சிரிப்பாரு," என்றாள்.

இப்போதெல்லாம் கோப்பின் பெயரில் வீட்டுப் பெயரோடு ஒரு எண்ணும் உண்டு. நகர்த்துவதற்கு முன் அந்தப் பெயர் குப்பையில் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த ஆறு வரியோடு தொடங்கிய ஈசாக்கின் கோப்பை மட்டும் எங்கேயும் நகர்த்துவதில்லை. யாருடைய மனுவையோ அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்ன வரி ஒன்று நினைவுக்கு வரும். கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதைத் திறப்பாள்.

"அக்காக்கு இது தீராத சோலி," என்பான் ஷாஜி.

"தீராது," என்பாள். தோர்த்தை முதுகுக்குப் பின்னால் சரியாக வைத்துக்கொண்டு, வரியை அடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்து வாசிப்பாள்.

நான்கு பக்கத்தில் இப்போது ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.